ஒரே சாய்வு, வேறு தொடக்கம்

எவ்வளவு நீட்டினாலும் சந்திக்காத கோடுகளே இணைகோடுகள் என்று பள்ளியில் படிக்கிறோம். ஆனால் முடிவில்லாமல் நீட்டிப் பார்க்க யாரிடம் காகிதம் இருக்கிறது? சாய்வு, வெட்டுத்துண்டு என்ற இரண்டு எண்கள் தெரிந்தால் நீட்டவே வேண்டியதில்லை. வெப்பநிலை அளவுகளையே எடுத்துக்கொள்வோம். கிடை அச்சில் செல்சியஸும் நிலை அச்சில் ஃபாரன்ஹீட்டும் குறித்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும். நீர் உறையும் 0க்கு நேரே 32, கொதிக்கும் 100க்கு நேரே 212. கிடையாக 100 நகர்ந்தால் கோடு 180 ஏறுகிறது. எனவே சாய்வு 1.8. நிலை அச்சை அது வெட்டும் 32தான் வெட்டுத்துண்டு. ஃபாரன்ஹீட் = 1.8 × செல்சியஸ் + 32 என்று எழுதிவிடலாம்.

ஸ்காட்லாந்துப் பொறியாளர் வில்லியம் ரேங்கின் பெயரில் இன்னோர் அளவு உண்டு. அதன் டிகிரியும் ஃபாரன்ஹீட் டிகிரியும் ஒரே பருமன். ஆனால் அது எண்ணத் தொடங்குவது தனிப்பூஜ்ஜியத்தில், அதாவது செல்சியஸில் −273.15இல். டிகிரியின் பருமன் மாறாததால் சாய்வும் மாறாது, அதே 1.8. இனி வெட்டுத்துண்டு மட்டும்தான் பாக்கி. அதற்கு ஒரு புள்ளி போதும்: −273.15க்கு நேரே 0. அங்கிருந்து செல்சியஸ் 0 வரை வந்தால் கோடு 273.15 × 1.8, அதாவது 491.67 ஏறியிருக்கும். ரேங்கின் = 1.8 × செல்சியஸ் + 491.67. எந்த இணைகோட்டின் சமன்பாட்டையும் காணும் வழி இதுதான்: சாய்வைக் கொடுத்த கோட்டிலிருந்து எடு, வெட்டுத்துண்டைக் கொடுத்த புள்ளியிலிருந்து பெறு. இவ்விரு கோடுகளுக்கும் இடையே எங்கே பார்த்தாலும் செங்குத்து இடைவெளி 459.67. உடல் வெப்பமான 37இலும் அதுவே, சூரியப் பரப்பின் வெப்பத்திலும் அதுவே. மாறாத இடைவெளி பூஜ்ஜியமாவது எப்படி?

அடிமட்டமும் மூலைமட்டமும் இருக்கக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். ரேங்கின் கோட்டின் சாய்வைத் தவறுதலாக 1.79 என்று போட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் அந்தக் கோடுகள் செல்சியஸ் 45,967இல் சந்தித்தே தீரும்; டிகிரிக்கு ஒரு மில்லிமீட்டர் வைத்தால் கிடையாகவே ஏறக்குறைய 46 மீட்டர் தள்ளி! இன்னும் வலுவான ஆட்சேபம் ஒன்றுண்டு. செங்குத்துக் கோடுகளும் இணையாக நிற்கின்றன, ஆனால் அவற்றுக்குச் சாய்வே வரையறுக்கப்படவில்லையே? உண்மைதான், இந்த வடிவம் அங்கே செல்லாது. அங்கே செல்சியஸ் = 0, செல்சியஸ் = 37 என்று கிடை மதிப்பை மட்டும் எழுதினால் போதும்; இரண்டும் வேறு எண்கள் என்பதால் பொதுப்புள்ளி கிடையாது.