எக்ஸ்ரே நார்மல், வலி போகவில்லை

பைக்கில் போகிறவர் மணலில் சறுக்கி விழுகிறார். விழுந்த வேகத்தில் கை தானாகத் தரையில் ஊன்றுகிறது. மணிக்கட்டில் லேசான வீக்கம், கட்டைவிரலுக்கு அடியில் வலி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பில் ஒன்றும் இல்லை. சுளுக்குத்தான் என்று ஒரு கிரேப் பேண்டேஜும் நாலு மாத்திரையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். ஆறு மாதம் கழித்து, கிளட்ச் பிடித்தாலே கை வலிக்கிறது என்று அவர் திரும்பி வரும்போது, உள்ளே முறிந்த எலும்பு ஒட்டாமலே கிடக்கிறது.

எலும்பு மூட்டு மருத்துவர்களுக்குப் பழகிப்போன கதை இது. முறிந்தது ஸ்காஃபாய்ட். மணிக்கட்டில் இருக்கும் எட்டுச் சிறு எலும்புகளில் ஒன்று. முந்திரிப் பருப்பு அளவுதான் இருக்கும். அந்த எட்டில் அதிகம் முறிவது இதுதான். எலும்பு விலகாமல் மெல்லிய விரிசலாக இருந்தால் முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம். பத்து, பதினான்கு நாள் கழித்து, முறிவின் ஓரம் கொஞ்சம் கரைந்து கோடு அகன்ற பிறகே பல நேரம் படத்தில் வரும். இந்த எலும்புக்குள் ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து நுழைந்து முழங்கை பக்கமாக ஓடுகிறது. நடுவில் முறிந்தால் முழங்கை பக்கத்துத் துண்டுக்கு ரத்தம் நின்றுபோய் அது செத்தும் போகலாம்.

அனுபவமுள்ள மருத்துவர் அதனால்தான் படத்துக்கு முன்னால் தன் விரலை நம்புகிறார். கட்டைவிரலை நன்றாக விரித்து நீட்டினால் அதன் அடியில், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு சிறு பள்ளம் விழும். அந்த இடத்தில் அழுத்தும்போது சுளீரென்று வலித்தால், எக்ஸ்ரே என்ன சொன்னாலும் கையை அசையாமல் கட்டிவைத்து, இரண்டு வாரத்தில் மறுபடி படம் எடுக்கச் சொல்வார். வசதி இருந்தால் உடனே எம்.ஆர்.ஐ. பார்ப்பார். எக்ஸ்ரே சீட்டில் ‘வலது மணிக்கட்டு’ என்பதோடு நிறுத்தாமல் ‘ஸ்காஃபாய்ட் சந்தேகம்’ என்றும் எழுதியிருந்தால், டெக்னீஷியன் கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்து, அந்த எலும்பு முழு நீளத்துக்கும் தெரியும்படி தனியாக ஒரு படம் எடுப்பார். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து எடுக்கும் படமும் தெரியாமல் எடுக்கும் படமும் ஒன்றல்ல. ஸ்கேன் சென்டர் வாசலில் காத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் 1895 நவம்பர் 8 அன்று வில்ஹெல்ம் ராண்ட்ஜன் இந்தப் படத்துக்கு அடிப்படையான எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே மனைவியின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் அதில் விழுந்தன. 1901-ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குத்தான். கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. சில மாதங்களுக்குள் பல நாடுகளில் மருத்துவர்கள் முறிந்த எலும்பையும் உடம்பில் பாய்ந்த குண்டையும் படம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். சென்னை அரசு பொது மருத்துவமனையின் பர்னார்டு கதிரியல் நிறுவனம் 1934-ல் வந்தது.

எக்ஸ்ரே அடிப்படையில் ஒரு நிழல்தான். கால்சியம் நிறைந்த எலும்பு கதிரைத் தடுப்பதால் வெள்ளையாக விழுகிறது. ஜவ்வும் குருத்தெலும்பும் கதிரைப் பெரும்பாலும் விட்டுவிடுவதால் அவை தெரிவதில்லை. முழங்காலில் ‘கேப் குறைஞ்சிருக்கு’ என்று மருத்துவர் சொல்வது குருத்தெலும்பைக் கண்ணால் பார்த்து அல்ல. அது இருக்க வேண்டிய இடைவெளி குறைந்ததைப் பார்த்து. அதுவும் நின்றபடி எடுத்த படத்தில்தான் சரியாகத் தெரியும். படுக்கவைத்து எடுத்தால் உடம்பின் எடை மூட்டில் இறங்காது. தேய்ந்த மூட்டும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றிவிடும். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று குறைந்தது இரண்டு படம் எடுப்பதற்கும் இந்த நிழல் குணமே காரணம். நேரே பார்க்கும்போது ஒழுங்காகத் தெரிகிற எலும்பு, பக்கவாட்டில் பார்த்தால் விலகி நிற்கும்.

இந்தப் பழைய கருவி நம் பக்கத்தில் ஒரு பெரிய வேலை செய்திருக்கிறது. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டக் கிராமங்களில் மக்களுக்கு முதுகு விறைத்துப் போய்க்கொண்டிருந்தது. குடிநீரில் இருந்த ஃபுளூரைடுதான் காரணம் என்பதை மருத்துவ ஆய்வாளர்கள் 1937-ல் வெளியிட்டார்கள். இந்த நோயாளிகளின் எக்ஸ்ரேயில் எலும்புகள் வழக்கத்தைவிட அடர்ந்து வெளுத்திருக்கும். முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் சவ்வில்கூடக் கால்சியம் படிந்திருக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்டதும் நிலத்தடி நீரில் இருந்த இதே ஃபுளூரைடால்தான். ஒருவருடைய முன்கை எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு அவர் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கச் சொல்ல முடியும்.

ஆனால் எளிது, மலிவு என்பதற்காக எல்லோருக்கும் எடுக்க வேண்டுமா? கால் பிசகி வருகிறவர்களுக்கெல்லாம் எக்ஸ்ரே எடுப்பது உலகம் முழுவதும் வழக்கமாக இருந்தது. அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றில் முறிவே இருக்காது. கனடாவின் ஒட்டாவாவில் அவசர சிகிச்சை மருத்துவர் இயன் ஸ்டீல் தலைமையிலான குழு 1992-ல் இதற்கு எளிய விதிகளை வகுத்தது. கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் நுனியிலும், அதன் பின் ஓரத்தில் 6 செ.மீ. உயரம் வரையும் மருத்துவர் அழுத்திப் பார்க்கிறார். அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் நாலு அடி எடுத்துவைக்க முடிந்ததா என்று கேட்கிறார். அழுத்தினால் எலும்பில் வலி இல்லை, நொண்டியாவது நடக்க முடிகிறது என்றால் கணுக்காலுக்கு எக்ஸ்ரே வேண்டாம். பாதத்துக்கு இதேபோல வேறு இரண்டு இடங்கள் உண்டு. பல நாடுகளில் சோதித்துப் பார்த்தபோதும் இந்த விதிகள் முறிவை மிக அரிதாகவே தவறவிட்டன. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு மட்டும் இதை நம்பக் கூடாது. எலும்பு முறிந்திருந்தாலும் அவர்கள் நடந்தே வருவார்கள்.

சி.டி. ஸ்கேனும் எக்ஸ் கதிரில் இயங்குவதுதான். கதிர்க்குழாய் உடம்பைச் சுற்றிவர, கணினி துண்டு துண்டாகப் படம் கட்டுகிறது. காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய கருவியில் 1971-ல் லண்டனில் முதல் நோயாளிக்கு மூளை ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பில் இதன் அருமை அறுவை சிகிச்சைக்கு முன்னால் தெரியும். சாரத்திலிருந்து விழுந்த கட்டடத் தொழிலாளியின் குதிகால் எலும்பு எத்தனை துண்டு, எந்தத் துண்டு மூட்டுக்குள் இறங்கியிருக்கிறது என்பதை சி.டி. பார்க்காமல் பிளேட் வைக்கப் போவது சிரமம். எக்ஸ்ரேயைவிடக் கதிர்வீச்சு அதிகம் என்பதால் காரணமில்லாமல் எடுக்கக் கூடாது, குழந்தைகளுக்குக் குறிப்பாக.

பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டு விலகியிருக்கிறதா என்று பார்க்க இந்த இரண்டுமே தேவையில்லை. அந்த வயதில் தொடை எலும்பின் பந்து இன்னும் குருத்தெலும்பாகவே இருப்பதால் எக்ஸ்ரேயில் விழாது. அல்ட்ராசவுண்டில் தெளிவாகத் தெரியும். ஆஸ்திரியாவின் ரெய்ன்ஹார்ட் கிராஃப் 1980-ல் வெளியிட்ட முறை இன்றும் உலகெங்கும் நடைமுறையில் இருக்கிறது. முதல் சில மாதங்களிலேயே கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் வார்ப்பட்டை மாட்டியே சரிசெய்துவிடலாம்.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ் கதிரே கிடையாது. 1.5 டெஸ்லா காந்தம் என்றால் பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறக்குறைய 30,000 மடங்கு. அந்தப் புலத்தில் உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கருக்களை ரேடியோ அலையால் தட்டி, அவை திருப்பி அனுப்பும் சமிக்ஞையைப் படமாக்குகிறார்கள். அதனால் ஜவ்வு, குருத்தெலும்பு, டிஸ்க், நரம்பு எல்லாம் தெரியும். எலும்பின் மேல்பட்டை உடைவதற்கு முன்பே உள்ளே மஜ்ஜையில் நீர் கோத்திருப்பதும் தெரியும். வேகப்பந்து வீச்சாளர்களின் முதுகெலும்பில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் வரும் விரிசலை ஆரம்பத்திலேயே பிடிப்பது இப்படித்தான். ஜஸ்பிரித் பும்ராவுக்கு 2019-ல் கீழ் முதுகில் அப்படியொரு சிறு விரிசல் இருப்பது வழக்கமான ஸ்கேன் பரிசோதனையில்தான் தெரியவந்தது என்று கிரிக்கெட் வாரியம் அறிவித்தது.

குளியலறையில் வழுக்கி விழுந்த முதியவர் காலை ஊன்ற முடியாமல் இடுப்பு வலி என்கிறார், எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றால் எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடக் கூடாது. அந்தக் கருவி இல்லாத ஊரில் சி.டி.யாவது பார்க்க வேண்டும். தொடை எலும்பின் கழுத்து விலகாமல் முறிந்திருக்கும்போதே தெரிந்தால் பெரும்பாலும் ஸ்க்ரூ போட்டுப் பிடித்துவிடலாம். நடக்கவிட்டு விலகிய பிறகு என்றால், அந்த வயதில் பந்தையே எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைக்க வேண்டிவரும்.

எம்.ஆர்.ஐ. கருவியின் காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். ஸ்கேன் எடுக்காத நேரத்திலும் அணைவதில்லை. மும்பையில் 2018-ல் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போன ஒருவரைக் கருவி இழுத்ததில் அவர் உயிரிழந்தார். பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, கண்ணில் எப்போதோ தெறித்த இரும்புத் துகள் எதுவானாலும் டெக்னீஷியனிடம் சொல்லியே ஆக வேண்டும். எலும்பில் வைத்த பிளேட்டும் ஸ்க்ரூவும் பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. ஆனாலும் சொல்லிவிடுவது நல்லது, அவற்றைச் சுற்றிப் படம் கலங்கும்.

இவ்வளவு நுணுக்கமாகக் காட்டுவதாலேயே எம்.ஆர்.ஐ. சாதாரண மனிதர்களைப் பயமுறுத்தவும் செய்கிறது. நாற்பது வயதுக்காரர் முதுகு வலிக்கு ஸ்கேன் எடுக்கிறார். ரிப்போர்ட்டில் டிஸ்க் பிதுக்கம், டிஸ்க் உலர்தல், தேய்மானம் என்று வரிசையாக வருகிறது. வீட்டில் எல்லோரும் முதுகே போய்விட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். குனியாதே, தூக்காதே என்று ஆரம்பித்து, ஆபரேஷன் வரை பேச்சு போகிறது. முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை ஆராய்ந்த 33 ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. வலி இல்லாத இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம். எண்பது வயதில் அது 96, 84 சதவீதம். முழங்காலிலும் இதே கதைதான். அமெரிக்காவின் ஃபிராமிங்காம் நகரில் 50 வயதைத் தாண்டிய 991 பேரின் முழங்காலை எம்.ஆர்.ஐ.யில் பார்த்த ஆய்வு 2008-ல் வெளியானது. மூட்டின் நடுவில் இருக்கும் மெனிஸ்கஸ் ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் முழங்காலில் வலியோ விறைப்போ இருந்ததில்லை.

ஸ்கேன் பொய் சொல்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை. டிஸ்க் பிதுங்கியிருப்பது உண்மை. இன்றைய வலி அதனால்தானா என்பதைச் சொல்ல, கால் எந்த இடத்தில் மரத்திருக்கிறது, கால் கட்டைவிரலைத் தூக்க முடிகிறதா, காலை நீட்டித் தூக்கினால் வலி கீழே இறங்குகிறதா என்று மருத்துவர் தொட்டுப் பார்த்தாக வேண்டும். அந்தப் பரிசோதனையும் படமும் ஒரே நரம்பைக் காட்டினால்தான் படத்துக்கு மதிப்பு. வேறு அபாய அறிகுறி இல்லாத முதுகு வலிக்கு முதல் ஆறு வாரம் ஸ்கேன் வேண்டாம் என்று பல நாட்டு மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பெரும்பாலோருக்கு அதற்குள் வலி நன்றாகவே குறைந்துவிடும்.

அபாய அறிகுறிகள் வேறு வகை. சிறுநீர் அடைத்துக்கொள்வது, மலம் அடக்க முடியாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, இரண்டு காலும் பலமிழப்பது: இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், நாளைக்கு என்று விடக் கூடாது. ராத்திரி படுத்தாலும் விடாத வலி, மாலைக் காய்ச்சல், எடை குறைவு என்று வந்தால் நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது முதுகெலும்புக் காசநோயை. எலும்பின் தாதுவில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் அது தெரியவரும், எம்.ஆர்.ஐ. அதற்கு வெகு முன்பே காட்டிவிடும். காட்டினாலும் அது காசநோயா புற்றுநோயா என்று படத்தை மட்டும் வைத்து உறுதிசெய்ய முடியாது. சி.டி. படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசியை அந்த இடத்துக்குச் செலுத்தி, துளித் திசுவை எடுத்துச் சோதிக்கிறார்கள். காசநோய்தான் என்றால், பெரிய அறுவை இல்லாமல், படுக்கையில் கிடத்தாமல் மருந்திலேயே பெரும்பாலோரைக் குணமாக்கலாம் என்பதை 1970-களில் சென்னையிலேயே தொடங்கி நடத்திய ஆய்வு காட்டியிருக்கிறது.