கியர்பாக்ஸை இறக்கும் முன்

ஆட்டோமேட்டிக் காருக்கு வயதாகிவிட்டால் எந்தக் கோளாறுக்கும் பழி கியர்பாக்ஸ் மேல்தான் விழும். 'டி'யில் போட்டதும் டொக்கென்று ஓர் உதை. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில் எஞ்சின் மட்டும் அலறுகிறது, வண்டி வேகமெடுப்பதில்லை. அறுபதில் சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது காரணமே தெரியாமல் ஓர் உதறல். பட்டறையில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "பாக்ஸை இறக்கணும் சார்" என்கிறார்கள். இறக்கினால் வரும் பில் பழைய காரின் விலையோடு போட்டி போடும். ஆனால் இந்த மூன்று தொல்லைகளுக்கும் காரணத்தைப் பல நேரம் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் கண்டுபிடித்துவிடலாம்.

1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் ஜெனரல் மோட்டார்ஸ் 'ஹைட்ரா-மேட்டிக்' பாக்ஸைப் பொருத்தி விற்றது. பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் முழு ஆட்டோமேட்டிக் அதுதான். பெரும்பாலான ஆட்டோமேட்டிக்குகளின் அடிப்படை அன்று போலவேதான் இன்றும்: உள்ளே பற்சக்கரங்கள் இடம் மாறுவதில்லை, எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே இருக்கின்றன. எந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழல விடுகிறோம் என்பதுதான் கியர். பிடிப்பதும் விடுவதும் கிளட்ச் தட்டுகளின் வேலை. அவற்றை அழுத்துவது பம்ப் தரும் எண்ணெய் அழுத்தம்.

ஆக, கியர் மாறுவது என்றால் ஒரு கிளட்ச் விட, இன்னொன்று பிடிப்பது. தளம் போடும் இடத்தில் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். வாங்குகிறவர் பிடிப்பதற்குள் கொடுப்பவர் விட்டால் சட்டி கீழே. கொடுப்பவர் விடுவதற்குள் மற்றவர் வெடுக்கென்று இழுத்தால் இருவருமே தடுமாறுவார்கள். எஞ்சின் அலறுவது முதல் வகை: அழுத்தம் போதவில்லை, பிடி தாமதம். உதைப்பது இரண்டாம் வகை: அழுத்தம் அதிகம், அல்லது பிடி முந்திக்கொண்டது. பரிசோதனை முழுக்க இந்த அழுத்தத்தைக் கெடுத்தது யார் என்று தேடுவதுதான்.

முதல் சந்தேகம் எண்ணெய் மேல். அளவு பார்ப்பதிலேயே பலர் கோட்டை விடுகிறார்கள். வண்டியை நன்றாக ஓட்டி எண்ணெயைச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி லிவரை எல்லா நிலைகளுக்கும் ஒரு முறை கொண்டுபோய் 'பி'க்குத் திரும்பி, எஞ்சின் ஓடும்போதே டிப் ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கார்களுக்கு இதுதான் முறை. ஹோண்டாவில் மட்டும் தலைகீழ்: எஞ்சினை அணைத்து ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். எண்ணெய் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கூடினாலும் வம்புதான்: சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும், நுரைக்கு அழுத்தம் கிடையாது.

டிப் ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். சிவப்பாகவோ லேசான பழுப்பாகவோ இருந்தால் கவலையில்லை. கறுத்துப்போய்க் கருகல் வாடை அடித்தால் கிளட்ச் தட்டு தேய்ந்து எரிந்திருக்கிறது. இளஞ்சிவப்புப் பால்போல இருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்துங்கள். பல கார்களில் கியர் எண்ணெயைக் குளிரவைக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. அது ஓட்டையாகிக் கூலன்ட் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். தட்டு எவ்வளவு மெதுவாகப் பிடிக்க வேண்டும் என்பதை எண்ணெயில் கலந்த ரசாயனமே தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் 1970களின் தொடக்கம் வரை இந்த வேலைக்கு ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெயைக் கலந்தார்கள்! அருகிவரும் உயிரினங்களைக் காக்க 1973இல் சட்டம் வந்தபின்தான் மாற்று தேடினார்கள். ஆகவே "எல்லா ஆட்டோ ஆயிலும் ஒண்ணுதான்" என்கிற கடைக்காரரை நம்பாதீர்கள். கார் கையேடு சொல்லும் வகையை மட்டும் ஊற்றுங்கள். பாட்டிலில் விற்கும் 'கியர்பாக்ஸ் டானிக்'குகளிலும் எனக்கு நம்பிக்கையில்லை. எண்ணெயை வடித்தால் ஒரு பகுதிதான் வெளியே வரும், மீதி, எஞ்சினுக்கும் பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். எனவே கொஞ்ச தூரம் ஓட்டி இரண்டு மூன்று தடவை மாற்றுவது நல்லது.

அடுத்து, பாக்ஸுக்கு வெளியே இருக்கும் குற்றவாளிகள். எஞ்சின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருந்தால் 'டி'யில் போட்டதும் எஞ்சினே குதிக்கும், பழி கியருக்கு. ஐடில் வேகம் கூடியிருந்தாலும் அதே உதைதான். அறுபதில் வரும் உதறலுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. காலியான சாலையில், ஆக்சிலரேட்டரை மாற்றாமல், இடது காலால் பிரேக் பெடலைப் பட்டும் படாமலும் தொடுங்கள். பிரேக் விளக்கு எரிந்ததும் கன்வெர்ட்டரை எஞ்சினோடு நேராகப் பூட்டும் லாக்கப் கிளட்ச் விட்டுவிடும். அந்த நொடியே உதறல் நின்றால் கோளாறு லாக்கப்பில், அல்லது எண்ணெயில். நிற்காவிட்டால் ஸ்பார்க் பிளக், காயில் பக்கம் பாருங்கள்.

பழைய டொயோட்டாக்களின் ஏ140இ, ஏ340இ பாக்ஸ்களை (கேம்ரி, கிரெசிடா வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்) நான் ரசிப்பதற்குக் காரணம், அவை தங்கள் நோயைத் தாங்களே சொல்லிவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து பாக்ஸுக்கு ஒரு கேபிள் போகிறது. பெடலை முழுக்க மிதித்த நிலையில், கேபிளில் இருக்கும் சிறு உலோக மணிக்கும் உறையின் முனைக்கும் இடையே 0 முதல் 1 மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கலாம். கேபிள் தொய்ந்தால் அழுத்தம் குறைந்து வழுக்கும், இறுகினால் உதைக்கும். ஸ்பேனர் போதும், காசு செலவில்லை.

அந்த பாக்ஸ்களில் நான்கு கியர்களையும் தேர்ந்தெடுப்பது இரண்டே சோலனாய்டுகள், அதாவது மின்சாரத்தில் இயங்கும் எண்ணெய் வால்வுகள். முதல் கியருக்கு ஒன்றாவது மட்டும் இயங்கும், இரண்டாம் கியருக்கு இரண்டும், மூன்றுக்கு இரண்டாவது மட்டும், நான்குக்கு எதுவும் இல்லை. சோலனாய்டுகளின் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு நிதானமாக ஓட்டினால் லிவர் 'எல்'லில் முதல் கியரும், '2'இல் மூன்றாவதும், 'டி'யில் நான்காவதும் விழ வேண்டும். அப்படி விழுந்து, வழுக்காமல் ஓடினால் உள்ளே இரும்பு பெரும்பாலும் நலம், குற்றம் மின்சாரத்தில். அப்போது மல்டிமீட்டரை எடுத்து சோலனாய்டுகளை அளக்கலாம்: 11 முதல் 15 ஓம் சரியான அளவு. 'ஓ/டி ஆஃப்' விளக்கு சிமிட்டும் குறியீட்டிலும் 62 என்றால் ஒன்றாவது சோலனாய்டு, 63 என்றால் இரண்டாவது.

இன்னொரு சோதனைக்குக் கையில் கடிகாரம் போதும். எண்ணெய் சூடாக இருக்கையில், கைப்பிரேக் போட்டு, கால் பிரேக்கை அழுத்திக்கொண்டு நியூட்ரலிலிருந்து 'டி'க்கு மாற்றுங்கள். கியர் விழும் அசைவு 1.2 வினாடிக்குள் தெரிய வேண்டும், 'ஆர்' என்றால் 1.5 வினாடிக்குள். அதற்கு மேல் போனால் அழுத்தம் குறைவு, அல்லது தட்டு தேய்மானம். பிரேக்கை மிதித்தபடி ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தும் ஸ்டால் டெஸ்ட்டை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். பட்டறையிலும் 5 வினாடிக்கு மேல் கூடாது.

கடைசியில் எண்ணெய்ப் பான். அதிலுள்ள காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மைபோல ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம், பயம் வேண்டாம். விரலில் நெருடும் உலோகத் துணுக்கோ, கறுப்பு நார்த்துண்டுகளோ கிடந்தால் மெக்கானிக் சொல்வது சரி, இறக்கத்தான் வேண்டும். பானைத் திறந்து காட்டச் சொல்லி, கண்ணால் பார்த்தபின் சம்மதம் சொல்லுங்கள்.