ஸ்மார்ட் மீட்டர்: மாற்றுவதா, மறுப்பதா?

புது தில்லி: பழைய மின் மீட்டரைக் கழற்றிவிட்டு ஸ்மார்ட் மீட்டரைப் பொருத்த ஊழியர்கள் வாசலுக்கு வரும்போது சம்மதிப்பதா, மறுப்பதா என்ற குழப்பம், பிகார் முதல் குஜராத் வரை பல லட்சம் குடும்பங்களுக்கு ஏற்பட்டுள்ளது. மாற்றம் ஏறத்தாழ கட்டாயமாகிவிட்ட இடங்களில், மறுப்பதைவிடத் தங்களுக்குச் சட்டம் அளித்துள்ள பாதுகாப்பை அறிந்துகொண்டு சம்மதிப்பதே நுகர்வோருக்குப் பயன் தரும்.

இத்திட்டத்துக்கு அடித்தளமிட்டது 2020-ம் ஆண்டு நிதிநிலை அறிக்கை. பழைய மீட்டர்களை அகற்றிவிட்டு மூன்றாண்டுகளுக்குள் முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்துமாறு மாநிலங்களை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தமது உரையில் கேட்டுக்கொண்டார். மின் விநியோகிப்பாளரையும் கட்டணத்தையும் நுகர்வோரே தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் இதனால் கிட்டும் என்றும் அப்போது கூறப்பட்டது.

அடுத்த ஆண்டே ரூ.3,03,758 கோடி மதிப்பிலான மின் பகிர்மானச் சீரமைப்புத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்கள் என்பது அதன் இலக்கு. ஆனால், 2025-ம் ஆண்டு இறுதியிலும் அந்த இலக்கில் கால் பங்கு எட்டப்படவில்லை. விநியோகிப்பாளரைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரமோ நாட்டின் பெரும்பாலான ஊர்களில் இன்னும் ஏட்டளவிலேயே உள்ளது.

செலவு யாருடையது?

மீட்டரைப் பொருத்தும்போது வீட்டு உரிமையாளர் பணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. தனியார் நிறுவனம் முதலீடு செய்து மீட்டரைப் பொருத்திப் பராமரிக்கும். மீட்டர் ஒன்றுக்கு அதிகபட்சம் ரூ.900-ஐயும், சிறப்புப் பிரிவு மாநிலங்களில் ரூ.1,350-ஐயும் மத்திய அரசு மானியமாக அளிக்கிறது. மீதித் தொகையை மின் பகிர்மான நிறுவனம் மாதத் தவணைகளில் செலுத்தும்.

மின் திருட்டும் கட்டண நிலுவையும் குறைவதால் கிடைக்கும் சேமிப்பே இத்தவணைக்குப் போதுமானது என்பது மத்திய அரசின் வாதம். எதிர்பார்த்த சேமிப்பு கிடைக்காவிட்டால், சுமை கட்டண உயர்வாக மக்கள் தலையில் விழும் என்பது எதிர்ப்பாளர்களின் அச்சம். தனியார் முதலீட்டில் அமைந்த இந்த முறையைக் கேரளம் ஏற்க மறுத்ததற்கும் இந்த அச்சமே முக்கியக் காரணம்.

கட்டணம் ஏன் உயர்கிறது?

ஸ்மார்ட் மீட்டர் மின் பயன்பாட்டை 15 அல்லது 30 நிமிடங்களுக்கு ஒருமுறை பதிவு செய்து, தானாகவே மின் நிறுவனத்துக்கு அனுப்பிவிடுகிறது. கணக்கெடுக்க ஊழியர் வர வேண்டியதில்லை. பூட்டிய வீட்டுக்குச் சராசரிக் கட்டணம் விதிக்கும் பழைய சிக்கலும் இல்லை. நாள்தோறும் எவ்வளவு யூனிட் செலவாகிறது என்பதைச் செல்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

எனினும், பொருத்திய பிறகு கட்டணம் உயர்ந்துவிட்டது என்ற புகார் பல மாநிலங்களில் எழுகிறது. இதற்குப் பல காரணங்கள் உள்ளன. நெடுங்காலம் உழைத்துத் தேய்ந்த சக்கர மீட்டர்கள் மெதுவாகச் சுழன்று, உண்மைப் பயன்பாட்டைவிடக் குறைவாகக் காட்டி வந்திருக்கலாம். சில மாநிலங்களில் பழைய நிலுவையும் முன்கட்டணத்தொகையிலிருந்து தவணை முறையில் பிடித்தம் செய்யப்படுகிறது. இது புரியாதவர்களுக்கு மீட்டரே பணத்தை விழுங்குவதுபோலத் தோன்றுகிறது.

மூன்றாவது காரணம் ஒப்புதல் பெற்ற மின்பளு. 2 கிலோவாட் அனுமதி பெற்ற வீட்டில் குளிர்சாதனம், வெந்நீர்க் கொதிகலன், நீரேற்றும் மோட்டார் ஆகியவை ஒரே நேரத்தில் இயங்கினால் அனுமதியளவு மீறப்படும். பழைய சக்கர மீட்டருக்கு இது தெரியாது. ஸ்மார்ட் மீட்டரில் அது உடனே பதிவாகிவிடும்.

பின்வாங்கிய மாநிலங்கள்

தொலைவிலிருந்தே மின் இணைப்பைத் துண்டிக்க முடியும் என்பது மின் நிறுவனத்துக்கு வசதி. நுகர்வோருக்கு அதுவே கவலை. 2020 ஆகஸ்ட் 12-ம் தேதி, கிருஷ்ண ஜெயந்தி நாளில், உத்தரப் பிரதேசத்தில் ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஒரே நேரத்தில் இருளில் மூழ்கின. தவறான கட்டளை ஒன்றே அதற்குக் காரணம் எனக் கூறப்பட்டது. விசாரணைக்கு உத்தரவிட்ட மாநில அரசு, மீட்டர் பொருத்தும் பணியையும் நிறுத்தி வைத்தது.

2024 மே மாதம் குஜராத்தின் வதோதராவில் மக்கள் வீதிக்கு வந்து போராடினர். மறு மாதமே, சாதாரண நுகர்வோரின் வீடுகளில் முன்கட்டண ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்தப்படமாட்டா என்று அப்போதைய மகாராஷ்டிரத் துணை முதல்வர் தேவேந்திர பட்னவீஸ் அறிவித்தார். பிகாரில் 2024 அக்டோபரில் எதிர்க்கட்சியான ராஷ்ட்ரீய ஜனதா தளம் இப்பிரச்னைக்காகப் போராட்டம் நடத்தியது. 2025 ஜூனில் மேற்கு வங்க அரசும் வீடுகளில் ஸ்மார்ட் மீட்டர் பொருத்துவதை நிறுத்தியது.

சட்டம் சொல்வது என்ன?

மீட்டர் இன்றி மின்சாரம் வழங்கக் கூடாது என்கிறது 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 55-வது பிரிவு. 2020 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட நுகர்வோர் உரிமை விதிகள், இணைப்புகளுக்கு முன்கட்டண மீட்டரே பொருத்தப்பட வேண்டும், விதிவிலக்குக்கு ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதல் தேவை என்றன.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. முன்கட்டண மீட்டருக்கு நுகர்வோர் இசைந்தால் அவரிடம் வைப்புத்தொகை கேட்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 47-வது பிரிவு. இசைந்தால் என்று சட்டமே சொல்லும்போது அதைக் கட்டாயமாக்குவது எப்படி என நுகர்வோர் அமைப்புகள் கேட்கின்றன. கட்டணம் செலுத்தாதவரின் இணைப்பைத் துண்டிக்க 15 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது 56-வது பிரிவு. முன்கட்டண முறையிலோ இருப்பு தீர்ந்ததும் இணைப்பு துண்டிக்கப்படலாம். தினக்கூலியை நம்பி வாழும் குடும்பத்துக்கு அந்தப் பதினைந்து நாள் அவகாசம் சாதாரணமானதல்ல.

மறுபுறம், நுகர்வோருக்குச் சாதகமான சில திருத்தங்களும் வந்துள்ளன. ஸ்மார்ட் மீட்டரில் பதிவாகும் உச்ச மின்பளுவைக் காட்டி, அது பொருத்தப்படுவதற்கு முந்தைய காலத்துக்கு அபராதம் விதிக்கக் கூடாது என்கிறது 2023-ம் ஆண்டுத் திருத்தம். ஒரு நிதியாண்டில் மூன்று முறையாவது அனுமதியளவு மீறப்பட்டால்தான் ஒப்புதல் பெற்ற மின்பளுவை உயர்த்த முடியும்.

மீட்டர் தவறாக ஓடுகிறது எனப் புகார் செய்தால், ஐந்து நாள்களுக்குள் கூடுதலாக ஒரு மீட்டரைப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்கிறது 2024-ம் ஆண்டுத் திருத்தம்.

நேரத்துக்கேற்ற கட்டணமும் கவனிக்கத்தக்கது. சூரிய மின்சாரம் மிகுதியாகக் கிடைக்கும் பகல் நேரத்தில் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாகவும், உச்சப் பயன்பாட்டு நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்பது 2023-ம் ஆண்டு விதி. இதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாநில ஆணையங்களுடையது. சலவை இயந்திரத்தையும் மோட்டாரையும் பகலில் இயக்க முடிந்த வீட்டுக்கு இது லாபம். பகல் முழுதும் வேலைக்குச் சென்று இரவில் வீடு திரும்புவோருக்கு நஷ்டம்.

சம்மதிக்கும் முன்...

பழைய மீட்டரின் கடைசி அளவைக் குறித்து, புகைப்படமும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நிலுவைத் தொகை உண்டா, ஒப்புதல் பெற்ற மின்பளு எவ்வளவு என்பதைக் கட்டண ரசீதில் சரிபார்க்க வேண்டும். முன்கட்டணமா, மாத இறுதியில் செலுத்தும் முறையா, வைப்புத்தொகை எப்போது திரும்பக் கிடைக்கும், இரவிலும் விடுமுறை நாள்களிலும் இணைப்பு துண்டிக்கப்படுமா என்பவற்றை எழுத்துமூலம் கேட்டுப் பெறுவது நல்லது. முதல் மூன்று மாதக் கட்டணத்தை முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்டு, ஐயம் எழுந்தால் கூடுதல் மீட்டர் கோரிப் புகார் அளிக்கலாம்.

ஐந்து நாள்களில் கூடுதல் மீட்டர் என்ற விதி இருப்பதே பெரும்பாலோருக்குத் தெரியாது. மீட்டரைப் பொருத்த வரும் ஊழியர் இந்த உரிமைகளைத் தமது மொழியில் அச்சிட்ட ஒரு தாளையும் கையில் கொடுத்துவிட்டுச் சென்றால், பாதிப் பூசல்கள் எழவே வாய்ப்பிராது. பல லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தில் அதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது.