பழைய ரவுட்டரைத் தூக்கிப் போடாதீங்க!

எங்க வீட்டு வைஃபை பின்கட்டுக்கு எட்டாது. பிளஸ் டூ படிக்கும் அக்கா பாட வீடியோவை ராத்திரியில் திண்ணையில், கொசுக்கடியில்தான் பார்ப்பாள்.

மாமா பழைய ரவுட்டர் ஒன்று தந்தார். அப்படியே சொருகினோம், இருந்த நெட்டும் போச்சு! ஏன் தெரியுமா? இரண்டுக்கும் ஒரே முகவரி: 192.168.1.1. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்?

செய்த வேலைகள்:

1. பழையதைத் தனியாகக் கம்ப்யூட்டரில் இணைத்து, முகவரியை 192.168.1.2 என மாற்றினோம்.

2. அதிலேயே டிஹெச்சிபியை நிறுத்தினோம். போன்களுக்கு முகவரி கொடுப்பது புது ரவுட்டரின் வேலை மட்டுமே.

3. வைஃபைக்குப் பாஸ்வேர்டு வைத்தோம்.

4. கேபிளை வேன் போர்ட்டில் சொருகாமல், இரண்டிலும் லேன் போர்ட்டில் சொருகினோம்.

இப்போ அக்கா உள்ளேயே படிக்கிறாள். கொசுக்களுக்குத்தான் வருத்தம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி