கரண்டு பில் ஏறியதற்குக் கணினிதான் காரணமா?

"எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தா கரண்டு பில் ஏறாம என்ன செய்யும்?" வீட்டில் இந்தத் திட்டை வாங்காத மாணவர்கள் குறைவு. குற்றச்சாட்டு சரிதானா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அதற்கு முன், தாத்தா பாட்டியிடம் அந்தக் காலத் தோட்டத்து ஜெனரேட்டரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நெகிரி செம்பிலானில் மட்டுமல்ல, நாட்டின் பல ரப்பர்த் தோட்டங்களிலும் லயன் வீடுகளுக்கு மாலையில் சில மணி நேரம்தான் மின்சாரம். அதைத் தந்தது தோட்டத்தின் டீசல் ஜெனரேட்டர். அதற்கு ஓர் எல்லை உண்டு. 60 வாட் குண்டு பல்பு எரியும் லயத்தில் ஒருவர் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைப் போட்டால், அது ஏறக்குறைய 17 பல்புகளை ஒரே நேரத்தில் கூடுதலாக எரிப்பதற்குச் சமம். சுமை எல்லையை நெருங்கினால் மின்னழுத்தம் குறையும், விளக்குகள் மங்கும்.

ஆக, ஒரு சாதனம் ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கிறது என்பதே ஜெனரேட்டரின் கவலை. அதன் அளவுதான் வாட்.

இன்று நம் வீடுகளுக்கு மின்சாரம் தேசிய மின்கட்டமைப்பிலிருந்து வருகிறது. போர்ட்டிக்சனில் இயற்கை எரிவாயுவால் இயங்கும் துவாங்கு ஜாஃபார் மின் நிலையமும் அதில் ஒன்று. வீட்டு மீட்டரோ, எவ்வளவு இழுத்தது என்பதோடு எவ்வளவு நேரம் இழுத்தது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. 1000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட், அதாவது 1 கிலோவாட் மணி.

இப்போது கணக்கு. மடிக்கணினி சுமார் 50 வாட் எடுக்கும். நான்கு மணி நேரத்துக்கு 200 வாட் மணி, அதாவது 0.2 யூனிட். 2000 வாட் மின்சாரக் கெட்டிலில் இரண்டு லிட்டர் தண்ணீர் கொதிக்க ஏறக்குறைய 6 நிமிடம் ஆகும். அதுவும் 0.2 யூனிட்தான்! நான்கு மணி நேர வீட்டுப்பாடமும் ஒரு கெட்டில் தண்ணீரும் சமம். 3600 வாட் சுடுநீர்க் கருவியில் கால் மணி நேரம் குளித்தால் 0.9 யூனிட்.

ஏன் இந்த வேறுபாடு? தண்ணீரைச் சூடாக்க நிறைய ஆற்றல் வேண்டும். கெட்டில், இஸ்திரிப் பெட்டி, சுடுநீர்க் கருவி ஆகியவற்றின் வேலையே வெப்பம் உண்டாக்குவது. கணினியின் சில்லுகளோ மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் இயங்குபவை. அதனால்தான் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை அடாப்டர் சுமார் 19 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தருகிறது.

ஆனால் அவசரப்பட்டு வெற்றி கொண்டாட வேண்டாம். விளையாட்டுக்கென்று அமைத்த மேசைக்கணினி, விளையாடும்போது 300 வாட் வரை எடுக்கலாம். நான்கு மணி நேரத்தில் 1.2 யூனிட்! அப்போது அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. பார்க்காதபோதும் அணைக்காமல் விட்ட டிகோடர் 10 வாட் எடுத்தாலும், 24 மணி நேரத்தில் 0.24 யூனிட் ஆகிவிடும்.

ஜெனரேட்டரின் பாடம் இன்றும் பழசாகவில்லை. நம் பிளக்கில் உள்ள ஃபியூஸ் பொதுவாக அதிகபட்சம் 13 ஆம்பியர். 13 × 230 = 2990 வாட். ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் 2000 வாட் கெட்டிலையும் 1200 வாட் இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்துப் போட்டால் 3200 வாட். எல்லை தாண்டிவிட்டது. வயர் சூடாகும், பழைய வயரிங் உள்ள வீடுகளில் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

இன்றிரவு மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளை அதே நேரத்தில் மீண்டும் பாருங்கள். வித்தியாசம்தான் உங்கள் வீட்டின் ஒரு நாள் யூனிட். பிறகு ஒவ்வொரு சாதனத்தின் அடியிலும் உள்ள வாட் எண்ணைப் படித்து, ஓடிய நேரத்தால் பெருக்குங்கள். அடுத்த முறை திட்டு விழும்போது, பதில் சொல்ல உங்கள் கையில் கணக்கு இருக்கும்.