'ஸ்லீப் டைட்'... எதை இறுக்கச் சொல்கிறார்கள்?

'குட் நைட், ஸ்லீப் டைட், டோன்ட் லெட் தி பெட்பக்ஸ் பைட்!'

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விளக்கை அணைக்கும் முன் குழந்தைகளிடம் சொல்லப்படும் வாழ்த்து இது. 'நன்றாகத் தூங்கு, மூட்டைப்பூச்சி கடிக்காமல் பார்த்துக்கொள்' என்று அர்த்தம். 'டைட்' என்றால் இறுக்கம்தானே? தூக்கத்தில் எதை இறுக்குவது?

இதற்குச் சுவையான கதை ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் அங்கே மரச்சட்டத்தின் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, அதன்மேல் மெத்தை போட்டுப் படுத்தார்கள். நம் ஊர்க் கயிற்றுக் கட்டில் போலத்தான். நாளாக ஆகக் கயிறு தொய்ந்து நடுவில் பள்ளம் விழும். அதை முறுக்கி இறுக்கவே மரத்தில் ஒரு சாவி வைத்திருந்தார்கள். 'ஸ்லீப் டைட்' என்றால், 'கயிற்றை இறுக்கிவிட்டுப் படு' என்று பொருளாம். பழங்காலப் பொருட்களைக் காட்டும் வீடுகளில் வழிகாட்டிகள் இதைச் சொல்லக் கேட்கலாம்.

கயிற்றுக் கட்டிலும் நிஜம், மரச்சாவியும் நிஜம். கதை மட்டும்தான் இடிக்கிறது. அத்தகைய கட்டில்கள் பல நூற்றாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தவை. ஆனால், இந்த வாழ்த்துக்கு முதல் சான்றாகப் பலரும் காட்டுவது 1866-ம் ஆண்டைத்தான். அமெரிக்காவின் ஃபுளோரிடாவைச் சேர்ந்த சூசன் பிராட்ஃபோர்ட் என்ற இளம்பெண், வெளியூர் கிளம்பும் முன் தன் டைரியிடம் இப்படிச் சொல்லி விடைபெறுகிறார். 1926-ல்தான் அது புத்தகமாக வந்தது. டைரிக்கு ஏது கட்டில், ஏது கயிறு?

உண்மையான விளக்கம் ரொம்ப சாதாரணம். ஆங்கிலத்தில் 'டைட்' என்பதற்கு 'உறுதியாக', 'அசையாமல்' என்றும் பொருள் உண்டு. இடத்தைவிட்டு நகராதே என்பதற்கு 'சிட் டைட்' என்பார்கள். அசந்து தூங்குபவரை 'டைட் அஸ்லீப்' என்று சொல்லும் வழக்கமும் இருந்தது. 'அடித்துப்போட்டாற்போல் தூங்கு' என்கிறோமே, அதற்குப் பக்கத்தில் வரும். 'நைட்'டுக்கு எதுகையாகவும் அமைந்துவிட்டதால் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

மூட்டைப்பூச்சி மட்டும் வெறும் எதுகைக்காக வந்ததல்ல. அன்று ஏழை, பணக்காரர் வித்தியாசமில்லாமல் வீடுகளில் அது இருந்தது. மெத்தையின் தையலிலும் கட்டிலின் இடுக்கிலும் பகலெல்லாம் பதுங்கியிருக்கும். தூங்குபவரின் உடல் சூட்டையும் மூச்சுக்காற்றையும் வைத்தே ஆளைக் கண்டுபிடித்து வரும். ஐந்து, பத்து நிமிடம் ரத்தம் குடித்துவிட்டுப் போய்விடும். பெரும்பாலும் கடி வாங்கியவருக்குத் தெரியவே தெரியாது. 'கடிக்க விடாதே' என்றால் தூங்குகிற பிள்ளை என்ன செய்யும், பாவம்!

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டி.டி.டி. மருந்து பரவலானதும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மூட்டைப்பூச்சி அநேகமாக ஒழிந்தது. பூச்சியையே பார்த்திராத ஒரு தலைமுறை, அர்த்தம் புரியாமல் இந்த வரியைச் சொல்லி வளர்ந்தது. 1990-களின் இறுதியில் அது திரும்பி வந்தது. ஊர் ஊராகப் போகும் பெட்டிகளும் மருந்துக்கு மசியாத பூச்சிகளும் முக்கியக் காரணங்கள். 2023-ல் ஒலிம்பிக்குக்குத் தயாராகிக்கொண்டிருந்த பாரிஸில், ரயில் இருக்கையில் உட்காரவே பயணிகள் யோசித்தார்கள்.