மோட்டாருக்கு வந்த நோய்

திருப்பூருக்கு வருகிறவர்கள் துணியைப் பார்ப்பார்கள், நூலைப் பார்ப்பார்கள். எந்திரத்தின் அருகே சுவரில் மாட்டியிருக்கும் சிறு பெட்டியை எவரும் பார்ப்பதில்லை. மோட்டாரின் வேகத்தை ஆளும் அப்பெட்டியை அங்கே 'டிரைவ்' என்பார்கள்.

1932-இல் பைகாரா மின்சாரம் பிறந்து, கொங்கு நாட்டு ஆலைகளை எட்டிய காலத்தில் மோட்டாருக்குப் பெரும்பாலும் ஒரே வேகந்தான். நமக்கு வருவது நொடிக்கு 50 அலைவுடைய மாறு மின்சாரம். நான்கு துருவ மோட்டார் அதில் நிமிடத்திற்கு 1500 சுற்றுக்குச் சற்றுக் குறைவாக ஓடும். டிரைவோ அதனை நேர் மின்சாரமாக்கிக் கண்டென்சரில் தேக்கி, வேண்டிய அலைவெண்ணில் மறுபடியும் மாறு மின்சாரமாக்கித் தருகிறது. உள்ளே புகுவது 415 வோல்ட்டானால், தேங்குவது ஏறத்தாழ 590 வோல்ட். மின்னோட்டமோ அழுத்தமோ சூடோ எல்லை மீறினால் அது மோட்டாரைக் கைவிட்டு, குற்றத்தின் குறியைக் கண்ணாடியில் காட்டும். ஆனால் அக்குறி நோயின் அடையாளமேயன்றி நோயின் காரணம் அன்று.

ஒரு சாயச்சாலையில், நனைந்த துணியைச் சுழற்றி நீர் பிழியும் எந்திரம் அடிக்கடி 'அழுத்தம் மிகுதி' என்று காட்டி நின்றது. "லைன்ல வோல்டேஜ் ஏறுதுங்க, புது டிரைவ்தான் வாங்கோணும்" என்றார் உரிமையாளர். கடன் வாங்கவும் துணிந்துவிட்டார். எனக்கு அதைவிட வேறொன்று அச்சம் தந்தது. டிரைவ் கைவிட்டதும் பிடிப்பாரின்றி உருளை நெடுநேரம் சுழல்கிறது. எந்திரம் நின்றுவிட்டதென எண்ணி ஓர் இளைஞர் மூடியில் கை வைத்தார். நல்லவேளையாகத் தடுத்துவிட்டோம்.

அந்த டிரைவின் எல்லை 800 வோல்ட். வெளியிலிருந்து அவ்வளவு வரவேண்டுமானால் லைனில் 560 வோல்ட்டுக்கு மேல் ஏறவேண்டும். அப்படி ஏறியிருந்தால் கூடத்தின் விளக்குகள் தப்பியிரா! ஆகவே, எப்போது நிற்கிறது என்று இரண்டு நாள் குறித்து வைக்கச் சொன்னேன். குறிப்பைப் பார்த்தால், தொடங்கும்போது ஒருமுறைகூட இல்லை. வேகம் தணியும்போதுதான் ஒவ்வொரு முறையும்.

கனத்த உருளையை அடக்க முயலும்போது, உருளையே மோட்டாரைச் சுழற்றுகிறது. மோட்டார் மின்னாக்கியாகி மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. அந்த மிகுதியைச் சூடாக எரித்துத் தீர்க்க வெளியே ஒரு தடைச்சுருள் உண்டு. மின்சாரத்தைத் துண்டித்தோம். கண்டென்சரில் தேங்கியது வடியப் பத்து நிமிடம் காத்து, அளந்து பார்த்த பின்னரே மூடியைத் திறந்தோம். (இந்தப் பொறுமை இல்லாதவர் இவ்வேலைக்கு வரவேண்டாம்.) சுருளுக்குச் செல்லும் கம்பி, அதிர்விலும் சூட்டிலும் அற்றுக் கிடந்தது. விசிறியை அடைத்திருந்த பஞ்சுத் துகளையும் கையோடு துடைத்தோம். அதுவும் நாளை ஒரு நோயாகும்.

புதுக் கம்பி வரும்வரை, உருளை அடங்கும் நேரத்தை 20 நொடியிலிருந்து 90 நொடியாக நீட்டி வைத்தேன். பிழை காட்டவில்லை. மூடியின்மீது அந்த இளைஞரே சாக்குக்கட்டியால் எழுதினார்: 'உருளை நின்ற பிறகு திற.'